ஆல்வினின் மரணமும் மூடாத வானமும்: மார்மன் சமயத்தின் முதல் தலைவர்களும் அவர்களின் நம்பிக்கைகளும்

1823 நவம்பரில், நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பால்மைரா என்ற சிற்றூருக்கு அருகே, ஆல்வின் ஸ்மித் என்ற 25 வயது இளைஞர் வயிற்றுவலியில் துடித்துக்கொண்டிருந்தார். வழக்கமாக வரும் மருத்துவர் ஊரில் இல்லை. வேறொருவர் வந்து கலோமல் என்ற பாதரச மருந்தைக் கொடுத்தார். மருந்து வயிற்றுக்குள் சிக்கிக்கொண்டது. சில நாட்களில், நவம்பர் 19 அன்று, ஆல்வின் இறந்தார். பெற்றோருக்காக அவர் கட்டிக்கொண்டிருந்த மர வீடு பாதியில் நின்றது. இறுதிச் சடங்கில் பேசிய போதகர், ஞானஸ்நானம் பெறாமலும் எந்தச் சபையிலும் சேராமலும் போன இந்த இளைஞர் நரகத்துக்குத்தான் போயிருப்பார் என்ற பொருள்படப் பேசினார் என்று ஆல்வினின் தம்பிகளில் ஒருவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். தந்தைக்கு அது தாங்கவில்லை. அவர் அந்தச் சபையின் பக்கம் போகவே மறுத்தார்.

அந்த வீட்டில் ஆல்வினுக்கு இளைய தம்பி ஒருவர் இருந்தார். வயது 17. பெயர் ஜோசப் ஸ்மித். இன்று உலகெங்கும் ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தன் உறுப்பினர்களாகக் கணக்கிடும் மார்மன் சபையை நிறுவியவர் அவர்தான். அந்தச் சபையின் வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தங்கத் தகடுகளோ பலதார மணமோ அல்ல, இந்தச் சாவு வீடுதான். மார்மன் கோட்பாடுகளைத் தனியே எடுத்துப் பட்டியல் போட்டால் அவை விநோதமாகத் தோன்றும். அவற்றை முதல் தலைவர்களின் வாழ்க்கையோடு சேர்த்து வாசித்தால், ஒவ்வொரு நம்பிக்கையும் யாரோ ஒருவர் கண்ணீரோடு கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதிலாக இருப்பது புலப்படும். வானம் இன்னும் மூடப்படவில்லை, கேட்டால் கடவுள் இன்றும் பேசுவார் என்பதுதான் அந்தப் பதில்களுக்கெல்லாம் அடித்தளம். அந்தச் சபைக்கு வந்த பெருமையும் துயரமும் இந்த ஒரே நம்பிக்கையிலிருந்து வந்தவை.

ஜோசப் 1805 டிசம்பர் 23 அன்று வெர்மான்ட் மாநிலத்தில் ஷரோன் என்ற ஊரில் பிறந்தார். 1816 ஆம் ஆண்டு அமெரிக்காவின் வடகிழக்கில் கோடைக்காலமே வரவில்லை. இந்தோனேசியாவில் முந்தைய ஆண்டு வெடித்த தம்போரா எரிமலையின் சாம்பல் வானத்தை மறைத்ததால் ஜூன் மாதத்திலும் பனி கொட்டியது. பயிர்கள் கருகின. ஏற்கெனவே கடனில் தத்தளித்த ஸ்மித் குடும்பம் பிழைப்புத் தேடி பால்மைராவுக்கு வந்து சேர்ந்தது. அந்த வட்டாரத்தில் அப்போது மத எழுச்சிக் கூட்டங்கள் அலையலையாக நடந்துகொண்டிருந்தன. மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், பாப்டிஸ்ட் போதகர்கள் ஆளுக்கொரு பக்கம் மக்களை இழுத்தார்கள். ஜோசப்பின் தாய் லூசி பிரஸ்பிட்டேரியன் சபையில் சேர்ந்தார். தந்தையோ எந்தச் சபையையும் நம்பவில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு கரைகள்.

இவற்றில் எது உண்மையான சபை என்பதுதான் அந்தச் சிறுவனைக் குடைந்த கேள்வி. பைபிளின் யாக்கோபு நிருபத்தில், ஞானத்தில் குறைவுள்ளவன் "தேவனிடத்தில் கேட்கக்கடவன்" என்ற வரி அவரைப் பிடித்துக்கொண்டது. 1820 ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில், தம் 14 வயதில், வீட்டுக்கு அருகிலிருந்த தோப்புக்குள் போய் மண்டியிட்டு வேண்டியபோது பிதாவும் குமாரனும் ஒளிவெள்ளத்தில் தனித்தனியே தோன்றினார்கள் என்றும், எந்தச் சபையிலும் சேர வேண்டாம் என்று சொன்னார்கள் என்றும் அவர் பிற்காலத்தில் எழுதினார். மார்மன்கள் இதை முதல் தரிசனம் என்கிறார்கள். இந்த நிகழ்வை ஜோசப் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார். 1832 இல் அவரே எழுதிய குறிப்பில் தம் பாவங்கள் மன்னிக்கப்பட்டதே முதன்மையாக இருக்கிறது. இருவர் தோன்றினார்கள் என்ற தெளிவான வடிவம் 1838 இல் எழுதப்பட்டது. அவர் கதையை வளர்த்தார் என்பதற்கு விமர்சகர்கள் இதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். காலம் செல்லச் செல்லத் தம் அனுபவத்தின் பொருளை அவர் ஆழமாக உணர்ந்தார் என்கிறார்கள் விசுவாசிகள். நான்கு வடிவங்களையும் சபையே இன்று வெளிப்படையாக வெளியிட்டிருப்பது நல்ல காரியம்.

1823 செப்டம்பரில், ஆல்வின் இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், மரோனி என்ற தூதர் இரவில் தோன்றி, பக்கத்துக் குன்றில் பழங்கால மக்களின் வரலாறு பொறித்த தங்கத் தகடுகள் புதைந்திருப்பதாகச் சொன்னார் என்பது அடுத்த கட்டம். அந்தத் தகடுகளை எப்படியாவது பெற்றுவிடு என்று ஆல்வின் மரணப்படுக்கையில் தம்பியிடம் வலியுறுத்தியதாகத் தாய் லூசி எழுதியிருக்கிறார். தகடுகள் கைக்கு வந்தது 1827 செப்டம்பர் 22 அன்று. இடைப்பட்ட காலத்தில் ஜோசப், பார்வைக் கல் ஒன்றை வைத்துப் புதையல் தேடித் தரும் கூலி வேலையும் செய்தார். அதற்காக 1826 இல் நீதிமன்ற விசாரணைக்கும் ஆளானார். அக்காலக் கிராமப்புற அமெரிக்காவில் இப்படிப் புதையல் தேடுவது அரிதான தொழில் அல்ல என்றாலும், அவருடைய எதிரிகள் கடைசி வரை இதைச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்தார்கள்.

புத்தகம் எழுதப்பட்ட விதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஜோசப் ஒரு தொப்பிக்குள் பார்வைக் கல்லைப் போட்டு, வெளிச்சம் புகாதபடி முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டு, தெரிந்த சொற்களை உரக்கச் சொல்லுவார். எதிரில் உட்கார்ந்திருப்பவர் எழுதிக்கொள்வார். தகடுகள் துணியில் சுற்றி மேசைமேல் கிடக்கும். முதலில் எழுதியவர்களில் அவருடைய மனைவி எம்மாவும் ஒருவர். ஒழுங்காக ஒரு கடிதம்கூடச் சொல்லி எழுதவைக்கத் தெரியாத மனிதர் இப்படி ஒரு புத்தகத்தைச் சொன்னது தனக்கே அதிசயம் என்று எம்மா முதுமையில் கூறினார். வசதியான விவசாயி மார்ட்டின் ஹாரிஸ் எழுதிய 116 பக்கங்களை, தம் மனைவியிடம் காட்டவேண்டும் என்று கெஞ்சி வாங்கிப்போய்த் தொலைத்துவிட்டார். 1828 ஜூன் மாதத்தில் எம்மாவின் முதல் குழந்தை பிறந்த அன்றே இறந்து, அவர் படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்கள் அவை. குழந்தையும் போய், கையெழுத்துப் பிரதியும் போன அந்தக் கோடையில் எல்லாம் முடிந்துவிட்டதென்றே ஜோசப் நினைத்தார்.

மறு ஆண்டு ஏப்ரலில் ஆலிவர் கௌட்ரி என்ற பள்ளி ஆசிரியர் வந்து சேர்ந்தார். அதன்பின் மூன்று மாதங்களுக்குள் சுமார் 590 பக்கங்கள் அச்சிடும் அளவுக்குப் புத்தகம் முடிந்தது. 5,000 பிரதிகளுக்கான 3,000 டாலர் செலவுக்கு மார்ட்டின் ஹாரிஸ் தம் நிலத்தை அடமானம் வைத்தார். பிற்பாடு அந்த நிலம் கையைவிட்டுப் போயிற்று. 1830 மார்ச் மாதத்தில் பால்மைராவில் மார்மன் புத்தகம் விற்பனைக்கு வந்தது. ஏப்ரல் 6 அன்று ஃபயெட் என்ற ஊரில் விட்மர் குடும்பத்தின் வீட்டில் சபை முறைப்படி தொடங்கியது. அதே நாளில் ஜோசப்பின் தந்தை ஞானஸ்நானம் பெற்றார். ஆல்வினின் சாவுக்குப் பிறகு எந்தச் சபையையும் ஏற்காதிருந்த தந்தை தண்ணீருக்குள் இறங்கிக் கரையேறியதைக் கண்டு மகன் விம்மி அழுதார் என்று உடனிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

புத்தகத்தின் கதை இது. கி.மு. 600 வாக்கில் எருசலேமை விட்டு லேகி என்பவரின் குடும்பம் கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்துக்கு வருகிறது. அவருடைய பிள்ளைகளின் வழிவந்தவர்கள் நேபியர், லாமானியர் என்று இரண்டாகப் பிரிந்து நூற்றாண்டுக் கணக்கில் போரிடுகிறார்கள். உயிர்த்தெழுந்த இயேசு அவர்களுக்குத் தோன்றிப் போதிக்கிறார். கடைசியில் நேபியர் அழிகிறார்கள். அவர்களுடைய வரலாற்றைத் தொகுத்தவர் மார்மன் என்ற தளபதி. அதைப் புதைத்து வைத்தவர் அவருடைய மகன் மரோனி. மார்மன் என்ற பெயர் வந்தது இப்படித்தான். இந்த வரலாற்றுக்கு அகழாய்வுச் சான்று எதையும் பொதுவான தொல்லியல் அறிஞர்கள் ஏற்கவில்லை. அமெரிக்கப் பழங்குடிகளின் மூதாதையர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதை மரபணு ஆய்வுகள் உறுதிப்படுத்தியிருக்கின்றன. லாமானியரே அமெரிக்க இந்தியரின் முதன்மையான மூதாதையர் என்றிருந்த முன்னுரை வாசகத்தை, அவர்கள் மூதாதையருள் அடங்குவர் என்று 2006 இல் சபை மாற்றிக்கொண்டது. ஆனால் வரலாறு என்று ஏற்காதவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பைபிள் பழைய உலகத்தோடு முடிந்துபோன ஒன்றல்ல, உங்கள் வயலுக்குப் பின்னால் இருக்கும் குன்றிலும் கடவுளின் சொல் கிடைக்கும் என்ற செய்தி, கடனிலும் பனியிலும் நொந்துபோயிருந்த அந்த விவசாயிகளின் நெஞ்சைத் தொட்டது.

புதிய சபைக்கு மிக விரைவில் இன்னொரு பெரிய துணை கிடைத்தது. ஓஹியோவில் பேர்பெற்ற பிரசங்கியாராக இருந்த சிட்னி ரிக்டன் 1830 நவம்பரில் தம் சபையாரோடு சேர்ந்துகொண்டார். 1831 இல் ஜோசப்பும் ஓஹியோவின் கர்ட்லண்டுக்குக் குடிபெயர்ந்தார். 1832 பிப்ரவரியில் இருவரும் சேர்ந்து கண்டதாகச் சொன்ன தரிசனம் மார்மன் நம்பிக்கையில் ஒரு திருப்புமுனை. மறுமை என்பது சொர்க்கம், நரகம் என்ற இரண்டே அறைகள் கொண்ட வீடு அல்ல. சூரியன், சந்திரன், நட்சத்திரம் போல ஒளியில் வேறுபட்ட மூன்று மகிமைகள் உண்டு. ஏறக்குறைய எல்லா மனிதருக்கும் அவற்றில் ஏதாவது ஒன்றில் இடம் உண்டு. மீட்பே இல்லாத வெளி இருளுக்குப் போகிறவர்கள் மிகச் சிலர்தான். பாவிகளுக்கு நித்திய நெருப்பு என்று கேட்டுக்கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது பெரும் ஆறுதலாகவும், சிலருக்குப் பெரும் அதிர்ச்சியாகவும் இருந்தது. அடுத்த மாதமே ஒரு கும்பல் இரவில் கதவை உடைத்து ஜோசப்பையும் ரிக்டனையும் வெளியே இழுத்துப்போட்டு, தார் பூசி இறகு ஒட்டி அடித்தது. நண்பர்கள் இரவு முழுக்க உட்கார்ந்து தாரைச் சுரண்டி எடுத்தார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஜோசப் வழக்கம்போலப் பிரசங்கம் செய்தார். அந்தக் குளிரில் கதவு திறந்து கிடந்ததால் நோய் முற்றி, தத்தெடுத்திருந்த ஆண் குழந்தை சில நாட்களில் இறந்தது.

கர்ட்லண்டில்தான் இன்று மார்மன்களை ஊர் அடையாளம் காணும் உணவு ஒழுக்கமும் பிறந்தது. ஒரு கடையின் மாடியறையில் சபை ஆண்களுக்குப் பாடசாலை நடந்தது. அவர்கள் உள்ளே வந்ததும் குழாயைப் பற்றவைப்பார்கள், புகையிலையை மென்று தரையெங்கும் துப்புவார்கள். கறையைத் தேய்த்துக் கழுவுவது எம்மாவின் வேலை. அவருடைய முறையீட்டிலிருந்துதான் ஜோசப் இதைப் பற்றிக் கடவுளிடம் கேட்டார் என்று, அவருக்குப் பின் சபையை நடத்திய பிரிகாம் யங் பிற்காலத்தில் சொன்னார். 1833 பிப்ரவரி 27 அன்று வந்த அந்த வெளிப்படுத்தலுக்கு ஞான வார்த்தை என்று பெயர். மதுவும் புகையிலையும் சூடான பானங்களும் கூடாது என்றது அது. சூடான பானங்கள் என்றால் தேநீரும் காப்பியும் என்று பொருள் கொண்டார்கள். தொடக்கத்தில் இது அறிவுரையாகவே இருந்தது, முதல் தலைவர்களே எல்லா நேரமும் கடைப்பிடிக்கவில்லை. ஆலயத்துக்குள் நுழைய இதைக் கைக்கொண்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் 1920களில்தான் வந்தது.

கடவுளைப் பற்றிய கருத்தில்தான் மார்மன்கள் மற்றக் கிறிஸ்தவர்களிடமிருந்து வெகுதூரம் விலகுகிறார்கள். பிதாவும் குமாரனும் பரிசுத்த ஆவியும் நோக்கத்தில் ஒன்றானவர்கள், ஆனால் மூன்று தனித்தனி ஆட்கள். பிதாவுக்கு எலும்பும் சதையும் கொண்ட உடல் உண்டு. ஆதிச் சபைத் தலைவர்கள் கூடிய நிசேயா சங்கம் வகுத்த, மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவக் கோட்பாட்டை அவர்கள் ஏற்பதில்லை. அப்போஸ்தலர்கள் இறந்தபின் அதிகாரமே பூமியிலிருந்து எடுபட்டுப் போயிற்று, அதை ஜோசப் மூலம் கடவுள் திரும்பக் கொடுத்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. திரித்துவத்தைப் பற்றிய இந்த வேறுபாட்டால்தான் கத்தோலிக்கத் திருச்சபை 2001 இல் மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று அறிவித்தது. தாங்கள் கிறிஸ்தவர்களே என்பதில் மார்மன்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மற்றச் சபைகளில் பலவற்றுக்கு அது ஏற்புடையதல்ல. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. ஆனால் இயேசுவின் பலியே மீட்பு என்று நாள்தோறும் வேண்டுகிறவர்களை வேற்றுமதத்தார் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பிறப்பதற்கு முன்பே நாம் அனைவரும் கடவுளின் ஆவிப் பிள்ளைகளாக வாழ்ந்தோம் என்கிறது இந்தச் சமயம். விண்ணகத்தில் தாயும் உண்டு. மண்ணில் பிறப்பது தண்டனை அல்ல, கற்றுக்கொள்ள வந்த பயணம். 1844 ஏப்ரலில் ஒரு நண்பரின் சாவை ஒட்டி ஜோசப் ஆற்றிய உரை இன்னும் ஒருபடி மேலே போயிற்று. கடவுளும் ஒருகாலத்தில் மனிதராக இருந்தவர், மனிதரும் அவரைப் போல் ஆக முடியும் என்றார். இன்றைய தலைமை இதன் முதல் பாதியை அழுத்திப் பேசுவதில்லை. ஆனால் மனிதன் வளர்ந்துகொண்டே போகலாம், குடும்பமாகவே வளரலாம் என்பது மார்மன் வாழ்க்கையின் உயிர்நாடி. ஆலயத்தில் முத்திரிக்கப்படும், அதாவது என்றென்றைக்குமாகப் பிணைக்கப்படும் திருமணம் சாவோடு முடிவதில்லை. சாகும்வரை அல்ல, காலம் முழுமைக்கும் நித்தியத்துக்கும் என்றே அங்கு மணம் முடிக்கிறார்கள்.

இங்கே ஆல்வின் திரும்ப வருகிறார். 1836 ஜனவரியில் கர்ட்லண்ட் ஆலயத்தில் ஜோசப் கண்ட தரிசனத்தில் அண்ணன் உயர்ந்த மகிமையில் நிற்பதைப் பார்த்தார். ஞானஸ்நானம் பெறாதவர் எப்படி அங்கே என்று வியந்தார். வாய்ப்புக் கிடைத்திருந்தால் ஏற்றிருப்பவர்கள் அனைவருக்கும் அங்கே இடமுண்டு என்ற பதில் கிடைத்தது. 1840 ஆகஸ்டில் ஒரு சாவு வீட்டில் பேசும்போது, "மரித்தவர்களுக்காக ஏன் ஞானஸ்நானம் பெறுகிறார்கள்?" என்ற பவுலின் வரியை எடுத்துக்கொண்டு, இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் தண்ணீரில் முழுகலாம் என்று அறிவித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் மகனை இழந்த ஒரு தாயும் இருந்தார். சில வாரங்களில் அவர் மிசிசிப்பி ஆற்றில் இறங்கி மகன் பெயரில் முழுகினார். ஆல்வினுக்காக இன்னொரு சகோதரர் ஹைரம் முழுகினார். 17 ஆண்டுகளாக அந்த வீட்டில் கிடந்த முள் அப்படி எடுக்கப்பட்டது.

அந்த ஒரு துக்கத்திலிருந்து வளர்ந்தது எவ்வளவு பெரிது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. இறந்தவருக்குச் சடங்கு செய்ய அவர் பெயர் தெரிய வேண்டும். பெயர் தெரிய வம்சாவளி தெரிய வேண்டும். அதற்காக மார்மன்கள் உலகின் தேவாலயப் பதிவேடுகளையும் அரசுப் பதிவேடுகளையும் தேடித்தேடிப் படம் எடுத்தார்கள். யூட்டா மாநிலத்தில் கருங்கல் மலையைக் குடைந்து கட்டிய காப்பகத்தில் 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களைச் சேர்த்தார்கள். இன்று மார்மன் அல்லாத கோடிக்கணக்கானோரும் தங்கள் பாட்டன் முப்பாட்டன் பெயரைத் தேட அந்தப் பதிவுகளைத்தான் நாடுகிறார்கள். இறந்தவருக்கு அதை ஏற்கவும் மறுக்கவும் உரிமை உண்டு என்பது சபையின் விளக்கம். ஆனாலும் நாஜி முகாம்களில் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களில் ஞானஸ்நானம் நடந்தது தெரிந்தபோது யூதர்கள் கொதித்தார்கள். தம் மதத்துக்காகவே கொல்லப்பட்டவருக்கு இன்னொரு மதத்தின் சடங்கைச் செய்வது எவ்வளவு அன்போடு செய்தாலும் காயம்தான். 1995 இல் அதை நிறுத்திக்கொள்ளச் சபை ஒப்புக்கொண்டது.

இடையில் மிசௌரியில் நடந்தவை கொடுமையானவை. அங்கே இண்டிபெண்டன்ஸ் என்ற ஊரைச் சுற்றித்தான் புதிய சீயோன் எழும் என்று ஜோசப் அறிவித்திருந்தார். வடகிழக்கிலிருந்து கூட்டமாக வந்து, நிலம் வாங்கி, ஒன்றுபோல் வாக்களித்தவர்களைக் கண்டு அங்கிருந்த அடிமை உடைமையாளர்கள் பயந்தார்கள். 1833 இல் ஒரு மாவட்டத்திலிருந்து விரட்டினார்கள். 1838 இல் இருபக்கமும் ஆயுதம் எடுத்தது. மார்மன்களுக்குள்ளும் வன்முறைக் குழு ஒன்று உருவாகியிருந்தது. அக்டோபர் 27 அன்று மிசௌரி ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களை ஒழித்துக்கட்ட வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டே விரட்ட வேண்டும் என்று எழுத்தில் ஆணையிட்டார். மூன்று நாள் கழித்து ஹான்ஸ் மில் என்ற இடத்தில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சிறுவரும் இருந்தனர். அந்த ஆணையை மிசௌரி அரசு முறைப்படி திரும்பப் பெற்றது 1976 இல்தான். ஜோசப் சிறையில் இருக்க, எம்மா நான்கு குழந்தைகளோடும், கணவரின் கையெழுத்துப் படிகளைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டும், உறைந்த மிசிசிப்பியை நடந்தே கடந்தார்.

ஆற்றின் மறுகரையில் இல்லினாய் மாநிலத்துச் சதுப்பு நிலத்தில் எழுந்ததுதான் நாவூ நகரம். சில ஆண்டுகளில் அங்கே பன்னிரண்டாயிரம் பேர் வாழ்ந்தார்கள். ஜோசப்பே மேயர், அவரே படைத்தளபதி, 1844 இல் அவரே அமெரிக்க அதிபர் பதவிக்கும் வேட்பாளர். அத்தனை அதிகாரமும் ஒரே கையில் குவிந்தது அழிவின் தொடக்கம் என்றே நான் நினைக்கிறேன். பழைய ஏற்பாட்டு முற்பிதாக்களுக்குப் பல மனைவியர் எப்படி அனுமதிக்கப்பட்டார்கள் என்ற கேள்விக்கு அவர் பெற்றதாகச் சொன்ன பதில் 1843 ஜூலையில் எழுத்தில் பதிவாயிற்று. அதற்கு முன்பே இரகசியமாக அவர் பல பெண்களை மணந்திருந்தார். அவருக்கு 30 முதல் 40 மனைவியர் இருந்திருக்கலாம் என்றும், அவர்களில் ஒருவருக்கு 15 வயது நிறையவில்லை என்றும் சபையே 2014 இல் வெளியிட்ட கட்டுரை ஒப்புக்கொண்டது. வேறு ஆண்களுக்கு ஏற்கெனவே மனைவியாக இருந்தவர்களும் அதில் உண்டு. எம்மா சில நேரம் உடன்பட்டு, பெரும்பாலும் எதிர்த்து, உள்ளுக்குள் நொறுங்கினார். இதை எவ்வளவு பரிவோடு வாசித்தாலும் அந்தப் பெண்களின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது மனம் கனக்கிறது. கடவுள் சொன்னார் என்று தீர்க்கதரிசியே வந்து கேட்கும்போது, மறுக்கும் வழி அவர்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

சபையின் உயர் பொறுப்பில் இருந்த வில்லியம் லா என்பவரும் மற்றும் சிலரும் பிரிந்துபோய், 1844 ஜூன் 7 அன்று இந்த இரகசியங்களைப் பத்திரிகை போட்டு வெளியிட்டார்கள். நகர மன்றம் அந்த அச்சகத்தை உடைக்க ஆணையிட்டது. நாடெங்கும் கொதித்தது. ஆளுநர் பாதுகாப்புத் தருவதாகச் சொன்னதை நம்பி ஜோசப்பும் ஹைரமும் கார்த்தேஜ் சிறைக்குப் போனார்கள். ஜூன் 27 மாலை ஐந்து மணிக்கு முகத்தில் கரி பூசிய கும்பல் மாடிப்படி ஏறியது. ஹைரம் கதவைத் தாங்கிப் பிடித்திருந்தபோதே குண்டு பாய்ந்து விழுந்தார். ஜோசப் கையிலிருந்த சிறு துப்பாக்கியால் சுட்டுவிட்டு ஜன்னலை நோக்கி ஓடினார், சுடப்பட்டு வெளியே விழுந்து இறந்தார். வயது 38. உடனிருந்த ஜான் டெய்லர் பல குண்டுக் காயங்களோடு பிழைத்தார். அவருடைய சட்டைப்பைக் கடிகாரம் 5 மணி 16 நிமிடத்தில் நின்றுபோயிருந்தது.

அடுத்து யார் என்று ஜோசப் தெளிவாக எழுதி வைக்கவில்லை. ரிக்டன் தாமே காப்பாளர் என்றார். பன்னிரு அப்போஸ்தலர்களின் தலைவரான பிரிகாம் யங், சபையை நடத்தும் அதிகாரத்தின் சாவிகள் பன்னிருவரிடமே இருக்கின்றன என்றார். ஆகஸ்ட் 8 அன்று கூடிய பெருங்கூட்டம் யங்கின் பக்கம் சாய்ந்தது. அவர் பேசியபோது ஜோசப்பின் குரலே கேட்டது என்று பலர் பிற்காலத்தில் சாட்சி சொன்னார்கள். எம்மா அவரோடு போகவில்லை. அவருடைய மகனின் தலைமையில் 1860 இல் தனிச் சபை ஒன்று உருவாயிற்று.

யங் தச்சர், வண்ணம் பூசுபவர், கண்ணாடி பதிப்பவர். பள்ளிக்கூடம் போனது மிகக் குறைவு. ஜோசப் கனவு கண்டவர் என்றால் இவர் கட்டியவர். 1846 பிப்ரவரிக் குளிரில் மக்களை ஆற்றைக் கடக்க வைத்து, 1847 ஜூலை 24 அன்று அன்றைய அமெரிக்க எல்லைக்கு வெளியே இருந்த பெரும் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கில் சேர்ந்தார். முன்னதாகப் போனவர்கள் ஓடையை மறித்துக் காய்ந்த மண்ணில் நீர் பாய்ச்சி அதற்குள் உருளைக்கிழங்கு நட்டிருந்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் பிரிட்டனிலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் வந்தவர்கள் உட்படப் பல்லாயிரம் பேர் அந்தப் பாலைக்கு நடந்தார்கள். 1856 இல் வண்டிமாட்டுக்குப் பணமில்லாதவர்கள் கைவண்டிகளைத் தாங்களே இழுத்து வந்தபோது, தாமதமாகக் கிளம்பிய இரண்டு கூட்டங்கள் பனியில் சிக்கி 200 பேருக்கும் மேல் இறந்தார்கள். செய்தி கேட்டதும் யங் மாநாட்டு மேடையிலேயே, போய் அவர்களைக் கூட்டி வாருங்கள், இன்றைக்கு இதுதான் மதம் என்ற பொருளில் பேசி மீட்புக் குழுவை அனுப்பினார். அதே ஆட்சியில்தான், 1857 செப்டம்பரில், மவுண்டன் மெடோஸ் என்ற இடத்தில் யூட்டாவைக் கடந்துபோன சுமார் 120 பயணிகளை உள்ளூர் மார்மன் படையினர் சரணடைய வைத்துக் கொன்றார்கள். அவர்களைப் போகவிடுங்கள் என்று யங் எழுதிய கடிதம் காரியம் முடிந்தபிறகே வந்தது. ஆனால் அந்தக் காலத்தின் ஆவேசப் பேச்சுகளில் அவருக்கிருந்த பங்கை அந்தக் கடிதம் கழுவிவிடாது.

அந்த ஆண்டுகளில் உலகின் பல மூலைகளுக்கு ஊழியக்காரர்கள் போனார்கள். யூட்டாவில் ஞாயிறு பள்ளியைத் தொடங்கிய ரிச்சர்ட் பாலன்டைன் 1853 இல் சென்னைக்கு வந்து, இங்கே ஒரு சிறு பத்திரிகைகூட நடத்திப் பார்த்தார். பெரிதாகப் பலன் கிடைக்கவில்லை, திரும்பிப் போய்விட்டார். இன்று அந்தச் சபையின் நூல்கள் தமிழிலும் கிடைக்கின்றன.

பலதார மணத்தை யங் 1852 இல் வெளிப்படையாக அறிவித்தார். அமெரிக்க அரசு சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டது. மூன்றாம் தலைவர் ஜான் டெய்லர், கார்த்தேஜில் பிழைத்தவர், தலைமறைவாகவே 1887 இல் இறந்தார். அந்த ஆண்டே வந்த சட்டம் சபையின் சொத்துகளைப் பறிக்க வழி செய்தது. 1890 செப்டம்பரில் நான்காம் தலைவர் வில்ஃபோர்டு உட்ரஃப், புதிய பலதார மணங்களை நிறுத்துவதாக அறிக்கை வெளியிட்டார். நிறுத்தாவிட்டால் ஆலயங்கள் பறிபோவதைக் கடவுள் தமக்குக் காட்டினார் என்றார். திறந்திருந்த வானத்திலிருந்து வந்த கட்டளை அதே வானத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. 1896 இல் யூட்டா மாநிலமாயிற்று. விட மறுத்த சிறு குழுக்கள் பிரிந்துபோயின. இன்று செய்திகளில் அடிபடும் பலதார மணக்காரர்கள் அவர்களின் வழிவந்தவர்கள். மூலச் சபை அப்படிச் செய்பவரை நீக்கிவிடுகிறது.

இன்னொரு காயம் ஆற நெடுங்காலம் ஆயிற்று. ஜோசப்பின் காலத்தில் எலைஜா ஏபல் போன்ற கறுப்பினத்தார் சிலருக்கு ஆசாரியத்துவம் என்ற குருத்துவ அதிகாரம் வழங்கப்பட்டிருந்தது. 1852 இல் யங் அதைத் தடுத்தார். 1978 ஜூன் மாதத்தில் ஸ்பென்சர் கிம்பல் தலைவராக இருந்தபோது வெளிப்படுத்தல் கிடைத்ததென்று அறிவித்துத் தடையை நீக்கும்வரை, 126 ஆண்டுகள் அது நீடித்தது.

ஜேன் மேனிங் என்ற கறுப்பினப் பெண் 1843 இல் தம் குடும்பத்தோடு கனெக்டிகட்டிலிருந்து நாவூவுக்குக் கிளம்பினார். பாதிவழியில் நிறத்தைக் காரணம் காட்டிப் படகில் ஏற்ற மறுத்தார்கள். சுமார் 800 மைல் நடந்தார்கள். செருப்பு தேய்ந்து, பாதம் வெடித்து, வழியெல்லாம் இரத்தத் தடம் பதிந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். ஜோசப்பின் வீட்டில் வேலை செய்தார். பிறகு யூட்டாவுக்கும் நடந்தார். ஆலயத்தின் உயர் சடங்குகளைத் தமக்கும் தாருங்கள் என்று தலைவர்களுக்கு மாறி மாறிக் கடிதம் எழுதினார். 1894 இல் அவரை ஜோசப் ஸ்மித்தின் குடும்பத்தில் பணியாளராக முத்திரிக்க மட்டும் இசைந்தார்கள். அந்தச் சடங்குக்கும் அவரை உள்ளே விடவில்லை. அவர் உயிரோடு அதே நகரத்தில் இருக்கும்போதே, இறந்தவருக்குச் செய்வதுபோல, வேறொரு பெண் அவர் இடத்தில் நின்றார். ஜேன் 1908 இல் இறந்தார். தடை நீங்கிய மறு ஆண்டு, 1979 இல், அவர் கேட்ட சடங்கை அவருக்காக ஆலயத்துக்குள் செய்தார்கள். ஆல்வினுக்கு ஹைரம் தண்ணீரில் இறங்கியதுபோல, ஜேனுக்காகவும் ஒருவர் அவர் பெயரைச் சொல்லி உள்ளே நின்றார்.